வெட்டவெளியில் மறைப்பு போட்டும் பறவை நிற்கவில்லையா?

இராமநாதபுரம் கடற்கரைக்குப் பறவைப் படமெடுக்க வருகிறவர்கள் முதலில் ஒரு மரத்தைத்தான் தேடுவார்கள். தனுஷ்கோடியில் அது கிடைக்காது. வாலிநோக்கம் உப்பளத்திலும் கிடைக்காது. மணல், உமிரி, இராவணன் மீசைப் புல், எங்கோ ஒற்றையாக ஒரு உடைமரம், அப்புறம் கடல். அங்கே ஆளை மறைக்கும் கூடாரத்தைப் போட்டுவிட்டு (படமெடுப்பவர்கள் ஹைடு என்பார்கள், நான் மறைப்பு என்கிறேன்) "அண்ணே, ஒண்ணுகூட கிட்ட வரமாட்டேங்குது" என்று கூப்பிடுகிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

மரமில்லாத புல்வெளி நாடுகளில் மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கும் இதே தலைவலிதான். தரையோடு பதுங்குவது, முதுகுக்குப் பின்னால் மேடோ புதரோ இருக்கும்படி உட்காருவது என்ற அவர்களுடைய வித்தைகள் நமக்கும் உதவும். காற்றில் ஆள்வாடை போகாமல் பார்த்துக்கொள்வதை மட்டும் விட்டுவிடலாம். பூநாரை (ஃபிளமிங்கோ) மோந்து பார்த்து ஓடுவதில்லை, கண்ணால் பார்த்துத்தான் ஓடும். துப்பாக்கிப் பேச்சும் வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் நம் ஊரில் மானோ நாரையோ, கேமராவோடு நின்றுவிட வேண்டும்.

உங்களுக்கு நடப்பது எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். செலவில்லாத காரணம் முதலில் வரும், காசு கேட்கும் காரணம் கடைசியில். வரிசையைத் தாண்டிப் போய்ப் புதுக் கூடாரம் வாங்கியவர்கள் நிறையப் பேர். அதில் நானும் ஒருவன்.

நான் போய் உட்கார்ந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்துவிடுகிறது

எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள்? பத்தில் ஆறேழு பேருக்குக் கோளாறு இதோடு தீர்ந்துவிடும். பறவைகள் மேயத் தொடங்கிய பிறகு வெட்டவெளியில் நடந்து போனால் எந்தத் துணியாலும் உங்களைக் காப்பாற்ற முடியாது. விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே இருக்க வேண்டும். டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடியுங்கள்.

நேரத்தோடு போயும் எழுகிறது என்றால் தலைக்கு மேலே பாருங்கள். ஆள்காட்டிக் குருவி சுற்றிச் சுற்றிக் கத்துகிறதா? பேரிலேயே அதன் வேலை இருக்கிறது. அது கத்தினால் உள்ளான், நெடுங்கால் உள்ளான், பூநாரை எல்லாமே கழுத்தைத் தூக்கிவிடும். பத்து நிமிடம் அசையாமல் இருங்கள். ஓய்ந்துவிட்டால் சரி. ஓயாமல் உங்கள் தலைக்கு நேரே இறங்கி இறங்கி வந்தால் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது. மார்ச் மாதத்துக்குப் பிறகு இது அடிக்கடி நடக்கும். ஆள்காட்டியும் உப்புக்கொத்தியும் வெறும் தரையில்தான் முட்டையிடும், மணலுக்கும் முட்டைக்கும் வித்தியாசமே தெரியாது. வந்த காலடித் தடத்திலேயே திரும்பி நடந்து, அந்த இடத்தை அந்தப் பருவம் முழுக்க விட்டுவிடுங்கள். இதற்கு வேறு வைத்தியம் கிடையாது.

ஆள்காட்டியும் இல்லையென்றால், நீங்கள் உள்ளே நுழைந்ததைக் கூட்டம் பார்த்திருக்கும். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் உள்ளே இருக்க, மற்றவர் எல்லாப் பறவையும் பார்க்கும்படி நிதானமாக நடந்து வெளியேற வேண்டும். வந்தவன் போய்விட்டான் என்று கூட்டம் இறங்கும். பறவைக்குக் கணக்கு வராது என்பதை வைத்துச் செய்கிற பழைய தந்திரம் இது. காகத்திடம் மட்டும் செல்லாது.

அதுவும் பலிக்கவில்லையென்றால் கூடாரத்தையே சோதியுங்கள். பறவை இல்லாத நேரமாகப் பார்த்து, அது நிற்கிற இடத்துக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்காருங்கள். கைபேசியை முழங்கால் உயரத்தில் பிடித்துக் கூடாரத்தைப் படமெடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். கூடாரத்தின் தலை வானத்தை வெட்டிக்கொண்டு நிற்கிறதா? அப்படியானால் துணியின் நிறத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. கடலோரத்தில் வானத்தை முட்டி நிற்பது மனிதன் மட்டும்தான் என்று எல்லாப் பறவைக்கும் தெரியும். பின்னால் மணல்மேடோ சீமைக்கருவேலப் புதரோ வரும்படி இருபதடி தள்ளிப் போடுங்கள். பின்னால் எதுவுமே இல்லாத இடமென்றால் நிற்கும் கூடாரத்தை மறந்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை அடி உயரத்தில் ஒரு வலை, அடியில் ஒரு பாய், முழங்கைக்கு மணல் நிரப்பிய பை. இடுப்பு வலிக்கும், ஆனால் படம் கிடைக்கும்.

சரி, பறந்த கூட்டம் அரைமணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டதா? அப்படியானால் மறைப்பில் குறையில்லை, பொறுமையில்தான் குறை. ஒரு மணி நேரமாகியும் வரவில்லையென்றால் அன்றைக்கு அவ்வளவுதான். அன்றே இடம் மாற்றிப் போட்டு அலைக்கழிக்காதீர்கள். கூடாரத்தை அங்கேயே வெறுமனே விட அனுமதி இருந்தால் இரண்டு மூன்று நாள் விடுங்கள். பறவை வருவதற்கு முன்பே அங்கே இருந்த பொருள் அதன் கண்ணுக்குக் கல் மாதிரி, அது வந்தபின் முளைத்த பொருள் நரி மாதிரி.

கூட்டம் பயப்படவில்லை, ஆனால் எட்டத்திலேயே மேய்கிறது

லென்ஸ் போதவில்லை என்று ஒன்றரை லட்சத்துக்குக் கணக்குப் போடுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள்.

நம் பக்கத்தில் கடல் ஏறுவதும் வற்றுவதும் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் சேற்றுப்பரப்பு தட்டையாகக் கிடப்பதால் ஒரு சாண் தண்ணீர் வற்றினால் கரை நூறடிக்கு மேல் பின்வாங்கிவிடும். பறவைக்குக் கூடாரம் ஒரு பொருட்டே இல்லை. தண்ணீரும் சேறும் சேருகிற விளிம்பை ஒட்டித்தான் அது நகரும். நேற்று மாலை விளிம்பைப் பார்த்துக் கூடாரம் போட்டால் இன்று காலை அது பாலைவனத்தில் நிற்கும்.

ஒருநாள் கேமராவைத் தொடாமல் இதைச் செய்யுங்கள். மணிக்கு ஒரு குச்சி, தண்ணீர் முடிகிற இடத்தில் நடுங்கள். பகலுக்குள் ஒரு வரைபடமே கிடைத்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வித்தியாசம் கூடும். காற்றும் தன் பங்குக்குக் கலைக்கும். வாடை அடிக்கிற மாதங்களில் வடகடல் (பாக் விரிகுடா) தண்ணீர் நம் கரைப்பக்கம் தள்ளப்பட்டு, மேய்ச்சல் சேறு நாள்கணக்கில் மூழ்கியே கிடப்பதும் உண்டு. இதையெல்லாம் நீங்களாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கரைவலை இழுக்கிறவர்கள், நண்டு பிடிக்கிறவர்கள் யாரிடமாவது "நாளைக்குத் தண்ணி எப்பண்ணே வத்தும்?" என்று கேட்டால் கையை வைத்த மாதிரி சொல்வார்கள்.

சேற்றையும் படியுங்கள். பூநாரை தலையை நீருக்குள் விட்டுக்கொண்டு காலால் மிதித்துச் சுற்றிவருவதால் சேற்றில் வட்ட வட்டமான பள்ளங்கள் விழும். அவை புதிதாக இருக்கும் இடத்தை நோக்கி, இருபது முப்பது தப்படி தள்ளி மறைப்பு. வட்டங்கள் காய்ந்து வெடித்திருந்தால் கூட்டம் இடம் மாறிவிட்டது.

காயல் முழுக்க வற்றியோ முழங்காலுக்கு மேல் நிரம்பியோ கிடந்தால் மறைப்பைத் திட்டாதீர்கள், வேறு இடம் போங்கள். சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்று மாவட்டத்துக் கண்மாய்ச் சரணாலயங்கள் இருக்கின்றன. அங்கே கரையில் கருவேலம் நிற்கும், வெட்டவெளிப் பாடு இல்லை.

மிதக்கும் மறைப்பு செய்து தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு போகலாமா என்று கேட்பார்கள். ஏரியில் சரி. இங்கே காலடியில் திருக்கை படுத்திருக்கும். தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் 21 தீவுகளும் சுற்றுக் கடலும் 1986இலிருந்து கடல் தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது. திருக்கை முள் குத்தினால் அதைப் பிடுங்கி விளையாடாமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

கூடாரம் படபடக்கிறது, சாய்கிறது, பறக்கிறது

இந்தக் கரையின் பெரிய கோளாறு இதுதான். கடையில் வாங்கும் கூடாரத்தோடு வரும் இரும்பு முளைகள் களிமண் தரைக்குச் செய்தவை. நம் மணலில் அவை வெண்ணெயில் செருகிய ஊசி.

முதலில் கோளாறை நேரில் பாருங்கள். பறவை நிற்கும் பக்கம் கைபேசியை மணலில் குத்தி வைத்து ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். உள்ளேயிருந்து பார்த்தால் "லேசாக ஆடுது" என்று தோன்றும் துணி, வெளியே கொடி மாதிரி அடித்துக்கொண்டிருக்கும்.

மூலை மட்டும் தூக்குகிறதென்றால் முளையை எறிந்துவிட்டு மூட்டையைப் புதையுங்கள். பழைய அரிசிச் சாக்கில் பாதி மணல் நிரப்பி, கழுத்தில் கயிறு கட்டி, முழங்கை ஆழக் குழியில் படுக்கவைத்து மூடி மிதித்துவிடுங்கள். கயிறு கூடாரத்திலிருந்து சாய்வாக வர வேண்டும், நெட்டாக வரக் கூடாது. மூட்டை கிடைக்கவில்லையென்றால் ஒரு முழக் கட்டையின் நடுவில் கயிற்றைக் கட்டிக் குறுக்காகப் புதைத்தாலும் பிடிக்கும். காற்று வரும் பக்கத்துக்கு மூன்று, எதிர்ப்பக்கத்துக்கு இரண்டு போதும்.

மூலை நிற்கிறது, நடுத்துணி மட்டும் அடிக்கிறது என்றால் மேலே பழைய மீன்வலையைப் போர்த்தி இறுக்குங்கள். துணி அடங்கும், ஓரக்கோடும் கலைந்துவிடும். வலைக்கண்ணில் காய்ந்த புல்லையும் கரை ஒதுங்கிய கடற்பாசியையும் செருகுங்கள். அடும்புக் கொடியை உயிரோடு பிடுங்க வேண்டாம், மணலைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். திரும்பும்போது வலையை ஒரு இழைகூட விடாமல் சுருட்டி எடுத்துவாருங்கள். மணலில் கிடக்கும் துண்டு வலையில் முதலில் மாட்டுவது நீங்கள் படமெடுக்க வந்த பறவையின் கால்தான்.

அப்போதும் அடங்கவில்லையென்றால் துணியையே மாற்ற வேண்டியதுதான். கிடுகு (பின்னிய தென்னங்கீற்று) கனமானது, ஓசையில்லாதது, நிறமும் இந்த மண்ணின் நிறம். நாலு சவுக்குக் கம்பு, ஆறேழு கிடுகு, இடுப்பு உயரம். சொந்த நிலத்திலோ, உரிமையாளர் ஒப்புக்கொண்ட உப்பளத்து ஓரத்திலோ நிரந்தரமாகப் போட இதைவிட நல்லது இல்லை. ஓலைக் கொட்டகை போடுகிறவரைக் கூப்பிடுங்கள், அரைநாள் வேலை. நாமே கட்டினால் மூன்றாம் நாள் அது வேறு ஊரில் இருக்கும். எடுத்துச்செல்லும் கூடாரம்தான் வேண்டும் என்றால் லாரிக்குப் படுதா தைக்கிற தையற்காரரிடம் கொடுத்து, கீழ் விளிம்பில் ஒரு சங்கிலியைச் சுருட்டி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று உரத்து வீசும் மாதங்களில் எதையும் கட்டாதீர்கள். தனுஷ்கோடிச் சாலையில் காரே நல்ல மறைப்பு. இன்ஜினை அணைத்து, கண்ணாடியைப் பாதி இறக்கி, ஒரு பயறுப் பையை அதன்மேல் வைத்து லென்ஸைக் கிடத்துங்கள். பறவைக்குக் கார் பழக்கம், காரிலிருந்து இறங்குகிற கால்தான் புதிது.

ஜிப் இறுகிப் போனதா? உப்பு. நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் ஓடும். ஓடாவிட்டால் ஜிப்பைக் கழற்றிவிட்டு ஒட்டுப்பட்டை தைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைப் பறவை இருக்கும்போது பிரிக்காதீர்கள், "பர்ர்" என்ற அந்தச் சத்தம் கடல்வரை கேட்கும்.

கிட்டே வந்தது, லென்ஸை அசைத்ததும் போய்விட்டது

உங்கள் முதுகுப் பக்கம் மூடியிருக்கிறதா? பின்வாசல் திறந்திருந்தால் முன்சன்னல் வழியே பார்க்கும் பறவைக்கு உங்கள் தலை நிழலுருவமாகத் தெரியும். வெட்டவெளியில் நாலாப்பக்கமும் வெளிச்சம் என்பதால் இது மிகச் சாதாரணமாக நடக்கும் தப்பு. பின்பக்கத்தைக் கறுப்புத் துணியால் மறைத்தாலே பாதி சரியாகிவிடும்.

அடுத்தது சன்னல் ஓட்டையின் அளவு. லென்ஸ் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, அதைச் சுற்றிக் கால்சட்டைக் கால் மாதிரி ஒரு துணிக்குழாய் தைத்துப் போடுங்கள். லென்ஸ் திரும்பினாலும் வெளியே அசைவு குறைவாகத் தெரியும். ஷட்டரில் சத்தமில்லா முறை இருந்தால் அதை வையுங்கள். கைபேசி வெளிச்சம் முகத்தில் விழாமல் பாருங்கள்.

செலவில்லாத இன்னொரு வேலை: கறுப்பு வண்ணம் அடித்த பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை முதல் நாளே அந்த ஓட்டையில் நீட்டி வைத்துவிட்டு வாருங்கள். மறுநாள் அதன் இடத்தில் லென்ஸ் வந்தால் கூழைக்கடாகூடக் கண்டுகொள்ளாது.

படம் எல்லாம் கலங்கல்

ஏழு மணிப் படம் தெளிவு, பத்து மணிப் படம் கலங்கல் என்றால் அது கானல். மணல் சூடேறியதும் காற்று நெளியும், பறவை தண்ணீருக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். எந்த விலை லென்ஸும் இதைத் தீர்க்காது. கிட்டே போடுங்கள், சீக்கிரம் எடுங்கள், ஒன்பதுக்கு மூட்டை கட்டுங்கள்.

எல்லா நேரமும் கலங்கல் என்றால் முன்கண்ணாடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். உப்புப் படலம் இருக்கும். காய்ந்த துணியால் தேய்த்தால் மணல் கீறிவிடும். முதலில் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி, அப்புறம் துடையுங்கள். குளிரூட்டிய விடுதி அறையிலிருந்து நேராக வந்திருந்தால் அது வெறும் ஆவி. பைக்குள்ளேயே அரைமணி வைத்திருந்தால் போய்விடும்.

உள்ளே சிலந்திவலை மாதிரி இழை தெரிகிறதா? பூஞ்சை. அதை வீட்டில் திறக்காதீர்கள், லென்ஸ் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். கேமரா கடல்நீரில் விழுந்தால் பேட்டரியைக் கழற்றுங்கள். வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்க்க வேண்டாம். அரிசிக்குள் புதைக்கவும் வேண்டாம், அரிசி உப்பை எடுக்காது. அன்றைக்கே பழுது பார்ப்பவரிடம் போக வேண்டும். நான் ஒருமுறை மறுநாள் போகலாம் என்று இருந்துவிட்டேன். பிழைத்தது லென்ஸ் மூடி மட்டும்.

உள்ளே உட்கார முடியவில்லை

வெயில்தான் காரணமென்றால் மேலே ஒரு வெள்ளைத் துணி, இரண்டு சாண் இடைவெளி விட்டு அதன் கீழே வலை. காற்று வரும் பக்கத்தில் தரையோடு ஒரு திறப்பு. இரண்டு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் உப்புப் போட்ட மோர். வேர்வை நின்றாலோ தலை சுற்றினாலோ பறவையாவது ஒன்றாவது, வெளியே வாருங்கள். பேச்சு குழறினால் 108ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். மருந்துக்குக்கூட நிழல் இல்லாத ஊர் இது, காத்திருந்து பார்க்கிற விஷயமில்லை.

பறவை பயப்படவில்லை, மனிதர்கள்தான் பயப்படுகிறார்கள்

அக்கரையில் இலங்கை. இந்தக் கரையில் புதருக்குள் ஒளிந்து, நீளக் குழாயைக் கடலைப் பார்த்து நீட்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிற ஆளை யாரும் பறவை ரசிகர் என்று நினைக்க மாட்டார்கள். எனக்கு முதல் வருடம் நடந்தது இது: வலைக்குள் படுத்திருந்தேன், காதுக்குப் பக்கத்தில் இரண்டு பூட்ஸ். விளக்கிச் சொல்லி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது, கூட்டம் போய்விட்டது.

ராணுவப் பச்சைப் புள்ளித் துணி வேண்டாம். அது வெண்மணலில் கறுப்புத் திட்டாகத் தெரியும், மேற்கொண்டு சந்தேகத்தையும் கொண்டுவரும். காய்ந்த மண் நிறம், சாக்கு நிறம் போதும். முதல் நாளே உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஆதார் நகலோடு சொல்லிவிடுங்கள். தனுஷ்கோடியில் 2025இல் பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டுவிட்டது. அதனால் அங்கே எதைக் கட்டுவதானாலும் வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகுதான். ட்ரோனை வீட்டிலேயே விட்டு வாருங்கள்.

நாய் வருகிறதென்றால் உங்கள் பையில் மீன் சோறு இருக்கிறது. தயிர் சோறு கொண்டுவாருங்கள்.

எல்லாம் செய்தும் ஆள் கூடுகிறது, பறவை கலைகிறது என்றால் மறைவதையே விட்டுப் பார்க்கலாம். மீன் இறங்குகிற கரையில் கவனித்திருப்பீர்கள், வலை பின்னுகிறவரின் முதுகுக்குப் பின்னால் கொக்கு நடந்து போகும். உப்பளத்தில் வரப்பில் போகிற ஆளைப் பவளக்கால் உள்ளான் ஏறிட்டும் பார்க்காது. கரையேற்றி வைத்திருக்கும் நாட்டுப்படகு ஒன்றின் உரிமையாளரிடம் "அண்ணே, ரெண்டு மணி நேரம் உங்க வத்தைக்குள்ள படுத்துக்கிறேன்" என்று கேளுங்கள். டீ வாங்கிக் கொடுத்தால் பெரும்பாலும் சரி என்பார்கள். பக்கப்பலகைக்கு மேலே லென்ஸின் மூக்கு மட்டும் தெரியும். ஆலாவும் கடற்காகமும் பத்தடியில் இறங்கும். நான் எடுத்ததில் நல்ல படங்கள் பாதி அப்படிக் கிடைத்தவை. ஒரே ஒரு விஷயம், அண்ணன் எத்தனை மணிக்குக் கடலுக்குப் போகிறார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.